சொந்த வலியும் ஒரு கருவி

மனநல ஆலோசகராகப் பயிற்சி பெறுபவரிடம், “உன் சொந்தக் கவலைகளை வாசலிலேயே விட்டுவிட்டு வா” என்பார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில், குடும்ப சிகிச்சை படிக்கும் மாணவர்களுக்கு ஹாரி அபோன்டே வகுத்த பயிற்சி இதற்கு நேர்மாறானது. அந்தக் கவலைகளோடுதான் அங்கே பாடமே தொடங்குகிறது.

சிகிச்சை தருபவரின் மனதில் எழும் உணர்ச்சிகளை, அவர் கண்டறிந்து கடக்கவேண்டிய தடையாகவே 1910-இல் உளப்பகுப்பாய்வின் முன்னோடி ஃப்ராய்ட் பார்த்தார். நோயாளியைப் புரிந்துகொள்ள அவையே உதவும் என்று 1950-இல் உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன் வாதிட்டார். அபோன்டே இன்னும் ஓர் அடி முன்னே போனார். காயம் முழுவதும் ஆறிய பிறகுதான் சிகிச்சை தர வர வேண்டும் என்பதில்லை. அதை அறிந்து, வேண்டியபோது தொட்டு, கட்டுக்குள் வைத்துப் பயன்படுத்தத் தெரிந்தால் போதும் என்றார்.

ஒவ்வொருவரையும் வாழ்நாளெல்லாம் விடாமல் துரத்தும் சிக்கல் ஒன்று உண்டு. அதை அபோன்டே ‘சிக்னேச்சர் தீம்’ என்றார். மாணவர் அதை எழுதுகிறார்; தாத்தா பாட்டி காலம்வரை உறவுகளையும் விரிசல்களையும் குறிக்கும் குடும்ப வரைபடம் போடுகிறார்; சக மாணவர்கள் முன் அதைப் பேசுகிறார். பிறகு, நடிகர்கள் தம்பதியாக வரும் ஒத்திகை அமர்வை நடத்துகிறார்.

அப்பா அம்மா சண்டையை விலக்கிவிட்டே வளர்ந்த ஒரு மூத்த மகள் இப்பயிற்சிக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். தம்பதி குரலை உயர்த்தியதும் அவர் குறுக்கே புகுந்து சமாதானம் பேசுவார். அறை அடங்கிவிடும், மனைவி சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். தன் நெஞ்சு படபடப்பது எந்த வீட்டுச் சண்டைக்காக என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை பொறுத்திருந்து, “மேலே சொல்லுங்கள்” என்பார். கோபத்துக்கு அடியில் இருக்கும் பயம் அவருக்குச் சட்டென்று பிடிபடுவதும் அந்தப் பழைய அனுபவத்தால்தான்.

மாணவர்களை இப்படி மனம் திறக்க வைப்பவர்களுக்குப் பொறுப்பும் அதிகம். வகுப்பில் சொன்னது வெளியே போகக் கூடாது. பயிற்சி சிகிச்சையாகவும் மாறிவிடக் கூடாது, ஒவ்வொரு பேச்சும், “இது உன்னிடம் வருபவருக்கு எப்படி உதவும்?” என்ற கேள்விக்கே வந்துசேர வேண்டும்.

கோட்பாடுகளுக்கு மதிப்பெண் போடும் கல்லூரிகள் இதற்கும் பாடவேளை ஒதுக்க வேண்டும். நம் கஷ்டத்தைக் கேட்க உட்காருபவருக்கு, அதில் தன்னுடையது எது, நம்முடையது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.