மேஸ்திரி: ஒரு தொழில்தலைமைச் சொல்லின் வரலாறு

ஸ்காட்லாந்து நகரங்களில் கைத்தொழிற் குழுக்களின் தலைவர் 'டீக்கன்' எனப்பட்டார். தொண்டரைக் குறித்த கிரேக்கச் சொல் திருச்சபை வழியாகத் தலைவரைக் குறிக்கலாயிற்று. தமிழில் வழங்கும் 'மேஸ்திரி' இதற்கு மறுதலையான வழியில் வந்ததாகும். மிகுதிப் பொருளுடைய அடியிற் பிறந்த இலத்தீன் 'மகிஸ்தெர்', தலைவரையும் ஆசானையும் குறித்தது. அதன் போர்ச்சுகீசிய வடிவமான 'மெஸ்த்ரெ', தேர்வு பெற்றுத் தனியே தொழில் நடத்தும் உரிமையுடைய கைவினைஞரைச் சுட்டியது. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும், 1913இல் வெளிவந்த தல்காதோவின் ஆய்வும் இந்திய வடிவங்களுக்கு இதனையே மூலமாகக் காட்டுகின்றன.

ஒலிமாற்றம் தெளிவானது. 'ஷாவெ' என்பது 'சாவி' ஆனாற்போல, இங்கும் இறுதி எகரம் இகரமாயிற்று. மெய்ம்மயக்கத்தை எளிதாக்க இடையில் உயிர் புகுந்தது. இதே இலத்தீன் சொல் ஆங்கிலத்தின் வழியாக 'மாஸ்டர்' என மீண்டும் தமிழுக்கு வந்தது. இன்று கட்டட வேலைக்கு மேஸ்திரியும், தையற்கடைக்கும் தேநீர்க்கடைக்கும் மாஸ்டரும் உரியர்.

சொல் வந்ததேயன்றி, அதனைத் தாங்கிய குழு அமைப்பு உடன் வரவில்லை. எனவே ஒவ்வொரு மொழியும் தன் தொழிற்சூழலுக்கேற்பப் பொருளை வரையறுத்துக்கொண்டது. தமிழில் மேஸ்திரி, பெரும்பாலும் கொத்தனார்க்கும் சித்தாளுக்கும் மேலிருந்து வேலை வாங்குபவர். பர்மாவுக்குத் தொழிலாளரைத் திரட்டி அனுப்பியவரும் இப்பெயரே பெற்றார். இலங்கையிலும் மலாயாவிலும் அவ்விடத்தைக் 'கங்காணி' பெற்றது. இந்தியில் 'மிஸ்த்ரீ' என்பது தச்சர், கொத்தனார், இயந்திரம் பழுதுபார்ப்பவர் எனத் தேர்ந்த தொழிலாளர் எவரையும் குறிக்கும். தெலுங்கில் 'தாபீ மேஸ்த்ரி' என்பது கொத்தனாரையே குறிக்கும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபின் அடுக்குக் கட்டடங்கள் பெருகிய ஐதராபாத்தின் மாதாப்பூர் போன்ற பன்மொழி வேலைத்தளத்தை எண்ணிப் பார்க்கலாம். அங்குக் கூலிப் பதிவேட்டில் உள்ள இந்தி 'மிஸ்த்ரீ'யைத் தமிழில் 'மேஸ்திரி' எனப் பெயர்த்தால், கூலி பெறுபவர் கூலி பிரித்தளிப்பவராகிவிடுவார். ஊதியம் தராத பொறுப்பும் அவர்மீது சாரும். ஆங்குக் 'கொத்தனார்', 'தச்சர்' எனத் தொழிலைச் சுட்டுவதே தகும். அவ்வாறே ஸ்காட்லாந்தின் டீக்கனை 'மேஸ்திரி' என்பதும் பொருந்தாது. அவர் தம் குழுவினரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தலைமைச் சொற்களைப் பெயர்ப்போர் வேர்ச்சொல்லை மட்டும் நோக்காது, அத்தலைமையை வழங்கியவர் யார் என்பதையும் நோக்குதல் வேண்டும்.