கியோன் விழாவும் நகர மக்களும்

சமய விழாவொன்றை அதன் தெய்வத்தைக் கொண்டு மட்டுமே விளக்க முற்படுவோர், அதனைத் தம் உழைப்பாலும் பொருளாலும் நிலைநிறுத்திய மக்களைக் காணத் தவறிவிடுகின்றனர். யப்பானின் பழைய தலைநகராகிய கியோத்தோவில், யசாகா ஷின்டோ ஆலயத்தைச் சார்ந்து யூலை மாதம் முழுவதும் நிகழும் கியோன் விழா இதற்குத் தக்க சான்றாகும்.

விழாவின் தோற்றம் கொள்ளைநோயோடு தொடர்புடையது. கி.பி. 869இல் நோய் பரவியபோது, அன்றைய மாகாணங்களின் தொகைக்கேற்ப 66 ஈட்டிகளை நாட்டி, சினமுற்ற ஆவிகளைத் தணிக்க முயன்றனர் என்பது மரபு. ஈரமும் வெப்பமும் மிகுந்த கோடையே நோய் பெருகும் பருவமாதலின், விழாக் காலம் தற்செயலானதன்று. கியோன் என்பது புத்தர் தங்கிய ஜேதவனத்தின் யப்பானியப் பெயரிலிருந்து வந்தது. அநுராதபுரத்து ஜேதவனாராமமும் அப்பெயரையே தாங்கியுள்ளது. பௌத்தமும் ஷின்டோவும் கலந்திருந்த இவ்வாலயம், 1868இல் அரசு இரண்டையும் பிரித்தபோதே யசாகா என்னும் பெயரைப் பெற்றது.

விழாவிற்குச் செல்வோர் இருவகை ஊர்வலங்களைக் காண்பர். யூலை 17 மாலையில் ஆலயத்தின் மூன்று பல்லக்குகள் நகரினுள் எழுந்தருளி, 24ஆம் நாள் மீள்கின்றன. அவ்விரு நாட்களிலும் காலையில் தேர்கள் வீதிகளைத் தூய்மை செய்வனவாக முன்னரே உலா வருகின்றன. பெருந்தேர்கள் ஏறத்தாழ 25 மீற்றர் உயரமும் 12 தொன் வரை நிறையும் உடையன. ஆணியின்றி, கயிற்றாலேயே பிணைக்கப்படுவன. சந்திகளில் சக்கரங்களின் கீழ் மூங்கிற் பிளாச்சுகளைப் பரப்பி, நீர் தெளித்து, பக்கவாட்டில் இழுத்துத் திருப்புவர். இத்தேர்கள் ஆலயத்தின் உடைமையல்ல. ஒவ்வொன்றும் ஒரு தெருவாருக்கு உரியது. ஒரு தேரை அணிசெய்யும் 16ஆம் நூற்றாண்டுப் பெல்ஜியத் திரைச்சீலையில் இலியட் காவியக் காட்சி நெய்யப்பட்டுள்ளது. வணிகரும் கைவினைஞரும் ஈட்டிய செல்வத்தின் சின்னம் அது.

1467இல் தொடங்கிய ஓனின் போரால் நின்றுபோன உலாவை நகர மக்கள் 1500இல் மீட்டனர். 1533இல் ஆட்சியாளர் விழாவை ஒத்திவைக்கப் பணித்தபோது, ஆலயச் சடங்குகள் நடைபெறாவிடினும் தேருலாவையேனும் நடத்த வேண்டுமெனத் தெருவார் கோரினர். ஹயாஷியா தத்சுசபுரோ முதலிய வரலாற்றாசிரியர் இதனை நகர மக்களின் தன்னாட்சி உணர்வாகக் கண்டனர். பின்வந்த ஆய்வாளர் சிலர் இக்கருத்தை மறுத்துள்ளனர். எனினும், சடங்கினின்றும் உலாவைப் பிரித்துக் கோருமளவிற்கு அதனைத் தமதெனக் கருதினர் என்பது தெளிவு.

இவ்வுரிமை இன்று புதிய சோதனைகளை எதிர்நோக்குகின்றது. 1966இல் போக்குவரத்து முதலிய காரணங்களால் இரு தேருலாக்களும் ஒன்றாக்கப்பட்டன. 2014இலேயே மீண்டும் பிரிக்கப்பட்டன. நகர மையத்தில் அலுவலகங்கள் பெருகக் குடியிருப்போர் குறைந்தமையால், தேரிழுக்க மாணவரும் தொண்டரும் வெளியிலிருந்து வருகின்றனர். பெண்கள் பங்குகொள்வது தேருக்குத் தேர் வேறுபடுகின்றது. சில தேர்களில் அவர்கள் இசைக்கின்றனர், சிலவற்றில் ஏறவும் இடமில்லை. கொள்ளைநோயைத் தணிக்கத் தோன்றிய விழாவின் தேருலாவே 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோயால் நின்றது. 2022இல் அது மீண்டபோது, 1826இன் பின் உலா வராதிருந்த தேரொன்றும் சேர்ந்துகொண்டது.

மரபு தானே நிலைப்பதன்று. அதனை நிலைநிறுத்துவோர் யாவர், அவருள் இடம் மறுக்கப்படுவோர் யாவர் என்னும் வினாக்களின்றி விழாக்களைப் பற்றிய எந்த ஆய்வும் முழுமையுறாது என்பதே நமது துணிபு.