களையா, கீரையா? மழைக்குப் பின் முளைக்கும் உணவும் அதை அறிந்த கைகளும்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரைக் கட்டுகள் வருடம் முழுக்கக் கிடைக்கும். இவை பாத்தி கட்டி, விதை போட்டு, தண்ணீர் பாய்ச்சி வளர்த்தவை. ஆனால், ஐப்பசி மழை நாலு பாட்டம் பெய்துவிட்டால் வேறு ஒரு ரகமும் தலைகாட்டும். யாரும் விதைக்காத, யாரும் தண்ணீர் ஊற்றாத கீரைகள். வரப்பிலும் வேலியோரத்திலும் வீட்டுக் கொல்லையிலும் தானாக முளைப்பவை. 'பைசா செலவில்லாத கீரை' என்று கிராமங்களில் சொல்வார்கள்.

பணம் செலவாகாது என்பது உண்மைதான். ஆனால் எது கீரை, எது களை, எந்தப் பருவத்தில் பறிப்பது, எப்படிச் சமைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு எங்கிருந்து வந்தது, இப்போது ஏன் குறைந்துவருகிறது?

என்னென்ன கீரைகள்?

புதுச்சேரி, விழுப்புரம், கடலூர் வட்டாரத்தில் தானாக முளைக்கும் உணவுச் செடிகளின் பட்டியல் நீளமானது. மானாவாரிக் கொல்லைகளில் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை. நெல் வயலிலும் ஈரமான வரப்பிலும் ஆரைக்கீரை, வல்லாரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி. வேலியில் முடக்கத்தான், தூதுவளை, பிரண்டை, கோவை. வாசலிலும் சாலையோரத்திலும் குப்பைக்கீரை, மூக்கிரட்டை, பருப்புக்கீரை, புளியாரை.

இவற்றில் கைக்குக் கிடைத்த நாலைந்தைச் சேர்த்து ஆய்ந்து சமைப்பதுதான் 'கலவைக்கீரை'. ஒன்றின் கசப்பை இன்னொன்றின் புளிப்பு சமன் செய்யும். ஒரே கீரையை அளவுக்கு மீறிச் சாப்பிடாமல் இருக்கவும் இந்தக் கலவை உதவுகிறது.

கதவை அடைத்துத் தின்ற கீரை

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி வருகிறது. பசியில் வாடும் பாணனின் வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பு வாங்கவும் வழியில்லாமல் வேகவைக்கிறாள். பக்கத்து வீட்டார் பார்த்துவிடக் கூடாது என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு சாப்பிடுகிறாள். அந்த நூலின் தலைவனான நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மா நாடு, இன்றைய திண்டிவனம் சுற்றுவட்டாரம்தான். புதுச்சேரிக்குப் பக்கத்து மண்.

காட்டுக்கீரை தின்பது ஏழ்மையின் அடையாளம் என்ற கூச்சம் அவ்வளவு பழமையானது. இன்றும் 'குப்பைக்கீரை' என்ற பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு.

அதே வேளைச் செடியின் இன்னொரு கதையையும் பார்க்கலாம். வெள்ளைப் பூவும், விரல் விரித்தது போன்ற ஐந்து இலையும் கொண்ட நல்வேளை, கென்யாவில் பாத்தி கட்டிப் பயிரிடப்படும் கீரை. கசப்பு போக வேகவைத்து, பால் சேர்த்துச் சமைப்பது அங்கே வழக்கம். உள்நாட்டுக் கீரைகளை 'ஏழைகளின் சாப்பாடு' என்று ஒதுக்கும் மனநிலை அங்கும் இருந்தது. 1990களின் நடுவிலிருந்து ஆய்வு நிறுவனங்களும் உழவர்களும் எடுத்த முயற்சியால் அவை சூப்பர் மார்க்கெட் வரை போயின. செடி மாறவில்லை, பார்வைதான் மாறியது.

பெயர் தெரிந்தால் போதுமா?

செடிகளைப் பதிவு செய்வதில் புதுச்சேரிக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் 1826ல் தாவரவியல் பூங்கா தொடங்கப்பட்டது. தாவரவியலாளர் பெரொத்தே நெடுங்காலம் இங்கே பணியாற்றி, 1870ல் இங்கேயே மறைந்தார். 1955ல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், உலர்த்தித் தாளில் ஒட்டிய தாவர மாதிரிகளின் பெரிய சேகரிப்பு இருக்கிறது.

இந்தப் பதிவுகள் செடியின் பெயரையும் குடும்பத்தையும் கிடைத்த இடத்தையும் சொல்லும். பூ விடுவதற்கு முன் பறிக்க வேண்டுமா, தண்டை நார் உரிக்க வேண்டுமா, புளி சேர்க்க வேண்டுமா என்பதையெல்லாம் சொல்லாது. அந்தப் பாடம் களையெடுக்கும் பெண்களிடம் இருந்தது.

களை பறிக்கக் குனியும்போது கையில் வருவதில் பாதி களை, பாதி கறி. வேலை முடிந்து வீடு திரும்பும்போது மடியில் ஒரு பிடி கீரை இருக்கும். கூடவே போகும் பெண் பிள்ளை, "இது வேணாம், அதைப் பறி" என்ற வார்த்தையிலேயே நூறு செடிகளைக் கற்றுக்கொள்வாள். களையெடுப்பு என்பது கூலி, குழம்பு, பள்ளிக்கூடம் மூன்றும் சேர்ந்த வேலை.

குழப்பும் ஜோடிகள்

கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல், செல்போன் படத்தை மட்டும் நம்பிப் பறிப்பது ஆபத்து. ஒன்றைப் போல இன்னொன்று இருக்கும்.

பருப்புக்கீரை: கோழிக்கீரை என்றும் சொல்வார்கள். தரையோடு படரும். சதைப்பற்றான தண்டு, கரண்டி போன்ற இலை, மஞ்சள் பூ. இதன் பக்கத்திலேயே சித்திரப்பாலாடை போன்ற செடிகளும் படர்ந்திருக்கும். தண்டை ஒடித்தால் அவற்றில் பால் வடியும், பருப்புக்கீரையில் வடியாது. பிரான்சில் 'பூர்ப்பியே' என்ற பெயரில் பச்சையாக சாலட்டில் போடுவது இந்தப் பருப்புக்கீரையைத்தான்.

பொன்னாங்கண்ணி: நாட்டு ரகத்தில் வெள்ளைப் பூக்கொத்து காம்பே இல்லாமல் கணுவோடு ஒட்டியிருக்கும். வாய்க்கால்களை அடைத்து வளரும் அயல் வகை ஒன்று உண்டு. அதன் பூ நீளமான காம்பில் நிற்கும். தண்டு உள்ளே குழலாக இருக்கும். சாக்கடை நீரில் செழிப்பது இந்த அயல் வகை.

மூக்கிரட்டையும் சாரணையும்: இரண்டிலும் ஒரு கணுவில் பெரிய இலை ஒன்று, சின்ன இலை ஒன்று எதிரெதிரே இருக்கும். மூக்கிரட்டையின் பூ மெல்லிய காம்புகளில் இளஞ்சிவப்பாக நிற்கும். காய் துணியில் ஒட்டும். சாரணையின் பூ இலைக்கக்கத்திலேயே பதுங்கியிருக்கும்.

கிழங்கு என்றால் இன்னும் கவனம் தேவை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு கடும் விஷம். உண்ணும் கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் பறிக்கக் கூடாது. இதற்கு விலக்கே கிடையாது.

சமையலில் இருக்கும் கணக்கு

பாட்டிமார் செய்முறைகள் பலவற்றுக்கு இன்று வேதியியல் விளக்கம் கிடைக்கிறது. பிரண்டை ஆயும்போது கையில் நல்லெண்ணெய் தடவுவார்கள். கணுவை நீக்கி, நார் உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி வைத்து அரைப்பார்கள். பிரண்டையில் உள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் நாக்கையும் தொண்டையையும் அரிக்கவைப்பவை. வதக்கலும் புளியும் அந்த அரிப்பை அடக்குகின்றன.

சாரணை, பருப்புக்கீரை இரண்டிலும் ஆக்சலேட் அதிகம். நிறைய தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் அளவு குறையும். சிறுநீரகக் கல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் சாப்பிடக் கூடாது.

பண்ணைக்கீரையைப் பூ விடுவதற்கு முன் கிள்ளி, பருப்போடு கடையலாம். முடக்கத்தானை அரிசியோடு அரைத்து தோசை வார்த்தால் கசப்பு தெரியாது. மூக்கிரட்டை இளங்கொழுந்து பாசிப்பருப்பு சேர்த்த பொரியலுக்கு ஏற்றது.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. கீரை மட்டுமே இதற்கு மருந்தாகாது. கீரையில் உள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்ற வைட்டமின் சி உள்ளவை கூட இருந்தால் அது கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும்.

எங்கே பறிக்கக் கூடாது?

நகரத்தில் பெரிய வாய்க்கால், உப்பாறு போன்ற கழிவுநீர் ஓடும் இடங்களின் கரையில் முளைக்கும் கீரை பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும். கழிவிலுள்ள உலோகங்களைச் செடி உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். எவ்வளவு கழுவினாலும் அது போகாது. நெரிசலான சாலையோரம், தொழிற்பேட்டைச் சுற்றுப்புறம், குப்பைமேடு ஆகியவையும் வேண்டாம்.

வயல் வரப்பிலும் இப்போது கேட்டுவிட்டுத்தான் பறிக்க வேண்டும். களைக்கொல்லி அடித்த இலை உடனே வாடிவிடாது. சில நாள் வரை நல்ல கீரை போலவே நிற்கும்.

மடியில் இருந்த கீரை எங்கே?

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சொல்லப்படும் பாகூரிலும் சரி, பக்கத்து மாவட்டங்களிலும் சரி, உழவர்களுக்குக் களைக்கொல்லி தவிர்க்க முடியாததாகிவிட்டது. களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுப்படியாவதில்லை என்பது அவர்கள் தரப்பு. அது பொய்யல்ல. நடவு செய்த சில நாட்களுக்குள் மணலில் கலந்து தூவும் மருந்து, களை முளைப்பதையே தடுத்துவிடுகிறது.

ஆனால், அந்த மருந்துக்குக் கோரைக்கும் கீரைக்கும் வித்தியாசம் தெரியாது. களையெடுப்பு நின்றால் அந்தப் பெண்களுக்குக் கூலி மட்டும் போவதில்லை; சாயங்காலக் குழம்பும் போகிறது. மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடமும் போகிறது.

இன்னொரு பக்கம், நகரத்தில் ஆர்வம் கூடுகிறது. புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் சூழலியலாளர் நீனா சென்குப்தா, உண்ணத்தகுந்த களைச்செடிகளை நடந்தபடியே அறிமுகம் செய்யும் நடைகளை நடத்திவருகிறார். வண்ணம் தீட்டிப் பழகும் புத்தகமும் உருவாக்கியிருக்கிறார். கதவை அடைத்துச் சாப்பிட்ட கீரையைத் தேடி இப்போது ஆட்கள் காலையிலேயே கிளம்பி வருகிறார்கள்.

இந்த ஆர்வம் நிலைக்க வேண்டுமானால், அறிவு வைத்திருப்பவர்களுக்கும் அதில் பங்கு வேண்டும். வரப்பிலும் கிணற்று மேட்டிலும் கொஞ்சம் இடத்தை மருந்து படாமல் விடுவது உழவர்களால் முடியும். வாங்குபவர்களால் முடிவது, அடுத்த மழைக்குப் பிறகு மார்க்கெட்டில் கலவைக்கீரை கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் வாங்குவது. கூடவே ஒரு கேள்வியும் கேட்கலாம்: "இதுல என்னென்ன கீரைம்மா இருக்கு, எப்படிச் செய்யணும்?" ஒவ்வொரு தழையாக எடுத்துக் காட்டி அவர் சொல்லும் பதிலை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.