குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது?

மகப்பேறு விடுப்பு முடிய மூன்று வாரங்கள் இருந்தபோது, சென்னையிலிருந்து என் மருமகள் தொலைபேசியில் கேட்டாள்: "நீங்கள் கல்லூரிக்குத் திரும்பியபோது அவரை யாரிடம் விட்டுவிட்டுப் போனீர்கள், அத்தை?"

எதிர்வீட்டு அம்மாளிடம் என்றேன். 1988-ஆம் ஆண்டு அது. எனக்குக் கிடைத்த விடுப்பு 90 நாள். அந்த அம்மாளைப் பற்றி நான் எதையும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டிய தேவையும் எழவில்லை. அவர் கோபப்படுவாரா, கை சுத்தமானவரா, பிள்ளை அழுதால் என்ன செய்வார் என்பதெல்லாம் தெருவுக்கே தெரிந்திருந்தது. இன்று என் மகன் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டுப் பெண்ணும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். நானோ கணவரின் உடல்நிலை காரணமாக மதுரையை விட்டு நகர முடியாதவள். ஆகவே, தெரியாத ஒருவரிடம்தான் குழந்தையை ஒப்படைக்க வேண்டும். லட்சக்கணக்கான குடும்பங்களின் நிலை இதுதான்.

சட்டம் ஓரளவு துணைநிற்கிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்துதர வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கு சென்று குழந்தையைப் பார்த்துவரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளைகளும் உண்டு. தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு அளிக்கிறது.

ஆனால், இந்த 26 வாரங்களில் எட்டு வாரங்கள் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அவ்வாறு எடுத்தவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நான்கரை மாதம்கூட நிறைந்திருக்காது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடையிலும் பட்டறையிலும் வீட்டுவேலையிலும் இருக்கும் பெண்களுக்கோ இந்தச் சட்டத்தின் பயன் பெரும்பாலும் எட்டுவதே இல்லை. 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் பெருமைக்குரியது. எனினும் கைக்குழந்தையை மாலை வரை வைத்துப் பார்த்துக்கொள்ள உருவானதல்ல அது. அங்கன்வாடியுடன் காப்பகத்தை இணைக்கும் மத்திய அரசின் 'பால்னா' திட்டம் தேவையின் அளவுக்கு இன்னும் வளரவில்லை. எனவே பெற்றோர் சந்தையை நாட வேண்டியிருக்கிறது.

இந்தச் சந்தையின் இயல்பைப் புரிந்துகொள்ள ஒரு பழைய ஆய்வுக் கட்டுரை உதவும். 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர், பழைய கார்களின் சந்தையை எடுத்துக்கொண்டு ஓர் உண்மையை விளக்கினார். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் நல்ல காருக்கும் உரிய விலை தரத் தயங்குவார். நல்ல காரை வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகுவார். முடிவில் மோசமானவையே மிஞ்சும். இந்த ஆய்வுக்காக அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது.

குழந்தைப் பராமரிப்பில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையானது. கார் வாங்கியவர் நான்கு நாள் ஓட்டினால் குறையைக் கண்டுகொள்வார். இங்கே பணம் கொடுப்பவர் ஒருவர், சேவையைப் பெறுபவர் மற்றொருவர்; பெறுபவருக்குப் பேச்சு வராது. பெற்றோர் கண்ணுக்குத் தெரிபவை வண்ணச் சுவர்களும் பொம்மைகளும் கேமராக்களும்தான்.

எங்களுக்கே ஓர் அனுபவம் நேர்ந்தது. ஒரு முகவர் நிறுவனம், பத்தாண்டு அனுபவம் உள்ளவர் என்று ஓர் ஆயாவை அனுப்பியது. முன்பு வேலை பார்த்த வீடு என்று தரப்பட்ட எண்ணில் பேசியவர் அவரை வாயாரப் புகழ்ந்தார். அந்த வீட்டுக் குழந்தையின் வயதை மருமகள் கேட்டபோதுதான் பதில் தடுமாறியது. பேசியவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் என்பது பிறகு தெரிந்தது.

ஆகவே விளம்பரத்தை விட்டுவிட்டு, மறைக்க முடியாதவற்றைக் கேட்க வேண்டும். முதல் கேள்வி: ஒருவர் எத்தனை கைக்குழந்தைகளைப் பார்க்கிறார்? கணக்குக்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவர் நான்கு குழந்தைகளைப் பார்க்கிறார். குழந்தைக்கு மாதக் கட்டணம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரவு 24,000. வாடகை, மின்சாரம், உரிமையாளரின் பங்கு எல்லாம் போகப் பாதி அவருக்குச் சென்றால் 12,000. அடுத்த தெருவில் 3,000 ரூபாய்க்கு ஒரு காப்பகம் இருந்தால், ஒன்று அங்கே ஒருவர் எட்டுக் குழந்தைகளைப் பார்க்க வேண்டும். அல்லது அவருக்குச் சம்பளம் 6,000 ஆக இருக்க வேண்டும். இயந்திரத்தால் ஒருவர் நெய்யும் துணியைப் பத்து மடங்காக்கலாம். ஒரு மடியில் கிடத்தக்கூடிய குழந்தைகளின் எண்ணிக்கையை எந்தத் தொழில்நுட்பமும் கூட்டாது. இந்தத் துறையில் மலிவு என்பது பெரும்பாலும் யாரோ ஒருவரிடமிருந்து பறிக்கப்பட்டதாகவே இருக்கும்.

இரண்டாவது கேள்வி: இங்கே வேலை செய்பவர்கள் எவ்வளவு காலமாக இருக்கிறார்கள்? மூன்று மாதத்துக்கு ஒருவர் மாறும் இடத்தில் குழந்தை யாரிடமும் ஒட்டாது. மூன்றாவதாக, முன்னறிவிப்பின்றி முற்பகல் பதினொரு மணிக்கோ மாலை நான்கு மணிக்கோ ஒருமுறை செல்லுங்கள். அழும் குழந்தையிடம் முதலில் யார் போகிறார், துணி மாற்றிய பின் கை கழுவுகிறார்களா, குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைத்திருக்கிறார்களா, தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோரைக் கேளாமல் எந்த மருந்தும் கொடுப்பதில்லை என்பதை எழுத்தில் பெறுங்கள். பகல் முழுவதும் எல்லாக் குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தால் அது அமைதி அல்ல. விசாரிக்க வேண்டிய விஷயம். வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே, முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரைநாள் என்று குழந்தையைப் பழக்குவது நல்லது.

வீட்டுக்கே ஆயா வருவதானால், முன்பு வேலை பார்த்த வீட்டுக்கு நேரில் செல்லுங்கள். வேலை நேரம், வார விடுமுறை, ஊதியம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பாத்திரமும் துலக்கி, சமையலும் செய்து, குழந்தையையும் பார்க்கச் சொன்னால் முதலில் கைவிடப்படுவது குழந்தைதான்.

அப்படி நேர்காணலுக்கு வந்த ஒருவரிடம், உங்கள் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள் மருமகள். "பெரியவள் ஏழாவது படிக்கிறாள்மா. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் ஸ்கூலுக்கு லீவு போட்டுவிடுவாள்" என்றார் அவர். நம் வீட்டுத் தொட்டில் நிம்மதியாக ஆட, வேறொரு வீட்டில் ஒரு சிறுமியின் பள்ளி நாள்கள் செலவாகின்றன. இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அதைக் கேட்ட இரவு எதிர்வீட்டு அம்மாளை நினைத்துக்கொண்டேன். மாதம் ஒரு சிறு தொகையும் தீபாவளிக்கு ஒரு புடவையும் தந்துவந்தேன். கூட்டிக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன். வகுப்பறையில் ஊதியக் கோட்பாட்டை ஆண்டுதோறும் கற்பித்த நான், அவருடைய ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன கொடுத்தேன் என்று ஒருமுறைகூட வகுத்துப் பார்க்கவில்லை.

மருமகளுக்கு இன்னொரு குழப்பம் இருந்தது. நல்ல காப்பகத்தின் கட்டணம் அவள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. "இதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாமே" என்று உறவினர்கள் சொன்னார்கள். இந்தக் கணக்கில் இரண்டு பிழைகள் உள்ளன. குழந்தை இருவருடையது, கட்டணத்தைத் தாயின் சம்பளத்திலிருந்து மட்டும் கழிப்பது ஏன்? அடுத்து, இழப்பு இன்றைய சம்பளத்தோடு நிற்பதில்லை. பதவி உயர்வு, வைப்புநிதி, அனுபவம் எல்லாம் அதோடு சேர்ந்து போகும். இன்றைய ஆண், பெண் ஊதிய இடைவெளியின் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்த பின்னரே உருவாகிறது என்பது, 2023-இல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டினின் ஆய்வுகள் காட்டும் உண்மை. இந்தியாவில் 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்களை. குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்வி தாயிடம் மட்டுமே கேட்கப்படுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

கடைசியில் அலுவலகத்துக்குப் பத்து நிமிட தூரத்தில் ஒரு காப்பகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சுவரில் வண்ணப் படங்கள் இல்லை. ஒருவருக்கு நான்கு குழந்தைகள். அங்கே மருமகள் கடைசியாகக் கேட்டது, "வேலை செய்பவர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை உண்டா?" என்பது. இதுவரை எந்தப் பெற்றோரும் அதைக் கேட்டதில்லை என்றாராம் நடத்துபவர். உண்டு என்று சொல்லி, வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டியிருக்கிறார். ஐந்தாண்டுகளாக அதே மூன்று பெயர்கள்.

இப்போது காலையில் குழந்தையை விடுபவன் மகன். மாலையில் அழைத்துவருபவள் மருமகள்.