சிபில் ஸ்கோர் 780-ல இருந்து 800 ஆகணுமா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க!



போன மாசம் ஒரே வாரத்துல ரெண்டு தம்பிங்க என்னைப் பார்க்க வந்தாங்க. முதல் தம்பிக்கு சிபில் ஸ்கோர் 780. "சார், 800 ஆக்கித் தர்றேன்னு ஒருத்தர் 5,000 ரூபாய் கேக்குறார், கட்டலாமா?"ன்னார். ரெண்டாவது தம்பிக்கு 640. கிரெடிட் கார்டு பாக்கி 38,000 ரூபாய். "15,000 கட்டினா செட்டில் பண்ணிடலாமாம். ஸ்கோர்தான் போயிடுச்சே, இனிமே என்ன சார்?"ன்னார்.

ஒருத்தர் தேவையில்லாம கவலைப்படுறார். இன்னொருத்தர் கவலைப்பட வேண்டிய இடத்துல கையை விரிச்சுட்டார். ஏன்னு புரிய ஒரு சின்ன கணக்கு போதும். அதுக்குப் பேர் லாஜிட்.

கடன் கொடுக்கிறவர் உங்ககிட்ட பல விஷயம் பார்ப்பார்: தவணை தவறினது, கார்டு லிமிட்ல எவ்வளவு செலவு பண்ணீங்க, கடன் கணக்கு எத்தனை வருஷம் பழசு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க் போட்டுக் கூட்டணும். ஆனா நிகழ்தகவு 0-க்கும் 100 சதவீதத்துக்கும் நடுவுலதான் இருக்க முடியும். மார்க்கை நேரடியா அதுல கூட்டினா 'கட்டாம விட 110 சதவீதம் வாய்ப்பு'ன்னு அபத்தமா வந்து நிக்கும்.

அதனால ரெண்டு படி. முதல்ல விகிதம்: 100 பேர்ல 80 பேர் கட்டுறாங்க, 20 பேர் கட்டலைன்னா, 80/20 = 4. அப்புறம் அந்த 4-க்கு லாக். ஆமா, ஸ்கூல்ல டேபிள் புரட்டிப் பார்த்தோமே, அதே லாக்தான்! இப்போ மேலயும் எல்லை இல்லை, கீழயும் எல்லை இல்லை. பாதிக்குப் பாதின்னா விடை 0. இதுதான் லாஜிட். இந்தப் பேரை 1944-ல வெச்சவர் ஜோசப் பெர்க்சன்ங்கிற அமெரிக்க மருத்துவப் புள்ளியியலாளர்.

லாக், பெருக்கலைக் கூட்டலா மாத்திடும். அதனால இந்த முறையில செய்யுற ஸ்கோர்ல, குறிப்பிட்ட புள்ளி ஏறினா விகிதம் இரட்டிப்பாகும். சிபில் தன்னோட ஃபார்முலாவை வெளியிடுறதில்லை. அதனால ஒரு கற்பனை ஸ்கோர் எடுத்துக்குவோம். 50 புள்ளிக்கு ஒரு இரட்டிப்பு:

600: விகிதம் 4, கட்டாம விட வாய்ப்பு 20%
650: விகிதம் 8, வாய்ப்பு 11%
700: விகிதம் 16, வாய்ப்பு 6%
750: விகிதம் 32, வாய்ப்பு 3%
800: விகிதம் 64, வாய்ப்பு 1.5%

கவனிச்சீங்களா? 600-ல இருந்து 650 போனா ரிஸ்க் 9 சதவீதப் புள்ளி குறையுது. 750-ல இருந்து 800 போனா வெறும் 1.5. ஏறினது என்னவோ அதே 50 புள்ளிதான்!

அதனால முதல் தம்பிகிட்ட சொன்னேன்: "அந்த 5,000-ஐ எமர்ஜென்சி ஃபண்ட்ல போடுங்க. ரிப்போர்ட்ல இருக்கிற சரியான தகவலைக் காசு வாங்கிட்டு யாராலயும் மாத்த முடியாது. சில பேங்க்ல ஸ்கோர் ஸ்லாப் வெச்சு வட்டி மாறும். அதை லோன் வாங்கும்போது நேரா கேட்டுக்கோங்க."

ரெண்டாவது தம்பிகிட்ட: "உங்களுக்குத்தான் ஒவ்வொரு புள்ளியும் தங்கம். செட்டில் பண்ணா 23,000 மிச்சம்னு தோணும். ஆனா ரிப்போர்ட்ல 'செட்டில்டு'ன்னு விழும். நாளைக்கு ஹோம் லோனுக்குப் போனா அது முன்னாடி வந்து நிக்கும். மொத்தமா முடியலைன்னா தவணையா மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க. முழுசா கட்டி, நோ டியூஸ் சர்டிபிகேட் வாங்குங்க."

கடைசியா எல்லாருக்கும் ஒண்ணு. ஒவ்வொரு கிரெடிட் பீரோவும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும். அதுல தப்பு இருந்தா புகார் கொடுங்க. 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா, நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு.

இன்னைக்கே ரிப்போர்ட்டை டவுன்லோட் பண்ணுங்க. அதை வரிவரியா எப்படிப் படிக்கிறதுன்னு அடுத்த வீடியோல பார்ப்போம்!