உற்சாகம் தணிந்த பின்னும் நடக்க வேண்டுமே!

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் விசுவாசிகள் செய்யும் தீர்மானங்களில் அண்மைக் காலமாக ஒன்று தவறாமல் இடம்பெறுகிறது. இந்த ஆண்டு தினமும் நடைப்பயிற்சி செய்வேன், உணவைக் கட்டுப்படுத்துவேன் என்பதே அது. ஜனவரி முதல் வாரத்தில் புதிய ஷூ வாங்கப்படுகிறது. காலை ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கிறது. மார்ச் மாதம் அதே வீட்டிற்குச் சந்திப்புக்குச் சென்றால், அந்த ஷூ கட்டிலுக்கடியில் ஊர்ப் பெட்டிகளோடு கிடக்கக் காணலாம். காரணம் கேட்டால், "ஆரம்பத்தில் இருந்த உற்சாகம் இல்லை, பாஸ்டர்" என்பார்கள்.

பிரியமானவர்களே, உற்சாகம் தணிவது இயற்கையே. அடுப்பை மூட்ட ஓலை போதும்; சோறு வேக விறகு வேண்டும். நம்மில் அநேகர் ஓலையை மட்டும் வைத்துக்கொண்டு உலை கொதிக்கவில்லையே என்று வருந்துகிறோம்.

இது ஏன் நமக்கு அவசரமான காரியம்? நம் பெற்றோர் ஊரில் வயலுக்கு நடந்தார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள், சந்தைக்குச் சுமந்தார்கள். அவர்கள் யாரும் உடற்பயிற்சி செய்ததில்லை. பிழைப்பிலேயே அது இருந்தது. மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் நாமோ பத்துக்குப் பத்து அறையில் எழுந்து, ரயிலில் நெருக்குண்டு நின்று, தையல் இயந்திரத்தின் முன்னோ கணினியின் முன்னோ பத்து மணி நேரம் அமர்ந்து, இரவு பத்து மணிக்குச் சோறு உண்டு உடனே படுக்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவுடன் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. நம் தேசத்தில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு என்றும், மேலும் 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றும் அது மதிப்பிட்டது. வந்த இடத்தில் குடும்பத்தின் ஒரே சம்பாத்தியக்காரர் படுத்துவிட்டால், இங்குள்ள வாடகையும் ஊரிலுள்ள பெற்றோரின் மருந்தும் ஒரே மாதத்தில் நின்றுபோகும்.

வாசலில் நிற்பவர்கள் உள்ளே போகாமல் தடுக்கக் கூடுமா? சென்னையில் நடத்தப்பட்டு 2006-இல் முடிவுகள் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. நீரிழிவுக்கு முந்திய நிலையிலிருந்த 531 பேரை மருத்துவர்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான பொது ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் அது சுமார் 39 ஆகக் குறைந்தது. அவர்களிடம் கேட்கப்பட்டது மலையேற்றமன்று. உட்கார்ந்து வேலை செய்பவர் தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடக்க வேண்டும்; சர்க்கரையையும் மாவுப் பண்டங்களையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும். அவ்வளவே.

அரை மணி நேரம் நடந்தால் பயனுண்டு என்பது அறியாதவர் இல்லை. நாற்பதாம் நாளும் நடப்பது எப்படி என்பதே கேள்வி. இதற்கு ஒரு பழைய ஆய்வை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் முடிவை வெளியிட்டார். நாளெல்லாம் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, பயணச்சீட்டுக் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவாகவே வந்தது. அந்த நடத்துநர்களுக்கு உடற்பயிற்சியில் வாஞ்சை இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. படிக்கட்டு வேலைக்குள்ளேயே இருந்தது. உற்சாகம் இருந்த நாளிலும் இல்லாத நாளிலும் ஏறினார்கள்.

கல்யாணில் குடியிருந்து குர்லாவில் ஒரு பட்டறைக்குச் செல்லும் சகோதரர் ஒருவர் இதையே தம் வழியில் கண்டுகொண்டார். காலையில் எழுந்து நடக்க மூன்று முறை முயன்று மூன்று முறையும் விட்டவர் அவர். ஆறு மணி ரயிலைப் பிடிக்க வேண்டியவரால் ஐந்து மணிக்கு எப்படி நடக்க முடியும்? பின்பு, மாலையில் ரயிலைவிட்டு இறங்கியதும் ஷேர் ஆட்டோ வரிசையில் நில்லாமல் வீட்டிற்கு நடக்கத் தொடங்கினார். இருபத்தைந்து நிமிட வழி. "வரிசை நகர்வதற்குள் பாதி தூரம் வந்துவிடுகிறேன், பாஸ்டர். இதை நான் வாக்கிங் என்று சொல்வதே இல்லை. வீட்டுக்குப் போகிறேன், அவ்வளவுதான்" என்றார். இரண்டு ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

புதிய பழக்கத்தை ஏற்கெனவே இருக்கும் ஒரு பழக்கத்தோடு கட்டிவிடுவதே இதன் இரகசியம். இரவு உணவுக்குப் பின், பிள்ளையைப் பள்ளியில் விட்ட பின், கடையைத் திறக்குமுன் என்று ஏதாவது ஒன்றோடு கட்டுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் நேரம் கிடைப்பதே இல்லை.

அந்தக் கட்டு இறுக எத்தனை நாட்கள் ஆகும்? இருபத்தொரு நாட்களில் பழக்கம் பதிந்துவிடும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை நம்பி இருபத்திரண்டாம் நாள் சோர்ந்துபோனவர் அநேகர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்தப்பட்டு 2010-இல் அச்சான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்குச் சிலருக்கு 18 நாட்களும், சிலருக்கு 254 நாட்களும் ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுமட்டமாக 66 நாட்கள். தண்ணீர் குடிப்பது விரைவில் பதிந்தது, உடற்பயிற்சி தாமதித்தது. நமக்கு மிகவும் ஆறுதலான செய்தி வேறொன்று: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் பதிவது கெட்டுப்போகவில்லை. ஒரு நாள் தவறியதும் "எல்லாம் போயிற்று" என்று முழுவதையும் விட்டுவிடுகிறோமே, அதுவே நம்மைக் கெடுக்கிறது.

தினமும் பத்தாயிரம் அடிகள் என்ற கணக்கும் பலரை மலைக்க வைக்கிறது. அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்கிறது. குறைவாகச் செய்தாலும் ஒன்றும் செய்யாததைவிட மேல் என்றும் சேர்த்துச் சொல்கிறது. பத்து நிமிடத்தில் தொடங்குகிறவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

சிலர் வேதத்தையே சாக்காகச் சொல்வதுண்டு. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகையில் சரீர முயற்சியின் பயனைச் சிறியதென்றாரே என்பார்கள். அவர் அதைத் தேவபக்தியோடு ஒப்பிட்டுச் சொன்னார். பயனே இல்லை என்று சொல்லவில்லை. அதே நிருபத்தில் அந்த வாலிபனுடைய வயிற்றையும் அடிக்கடி வரும் பலவீனங்களையும் குறித்துக் கரிசனையோடு எழுதியவரும் அவரே. வேறொன்றையும் மேய்ப்பனாகச் சொல்லியாக வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உபவாசத்திற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். தாமாகவே மருந்தை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளமாகாது. ஞாயிறு ஐக்கிய விருந்தில் கேசரியைத் தட்டில் வைத்து வற்புறுத்துவதையும் நம் சகோதரிகள் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்!

தனியாக வெளியே செல்லத் தயங்கும் பெண்களுக்குத் துணை அவசியம். அடுத்த வீட்டுச் சகோதரி கீழே காத்திருக்கிறார் என்றால், மனம் வராவிட்டாலும் கால் இறங்கும். மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழையிலும், டெல்லியில் நவம்பர் முதல் புகைமூட்டம் சூழும் நாட்களிலும் வெளியே நடப்பது கூடாதபோது, அதே நேரத்தில் வீட்டிற்குள்ளேயே நடங்கள். நாற்காலியில் அமர்ந்து எழும்புங்கள். இடம் மாறலாம், நேரம் மாற வேண்டாம். படி ஏறுகையில் நெஞ்சு இறுகினாலோ மூச்சு முட்டினாலோ, முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் செருப்பின்றி நடக்க வேண்டாம். வீடு திரும்பியதும் பாதங்களைப் பாருங்கள்.

இரவுக் காவல் பணியிலும் கால் சென்டர்களிலும் இருக்கும் நம் வாலிபருக்குக் காலை நடை பொருந்தாது. விடியற்காலையில் களைத்து வருபவர் உறக்கத்தை வெட்டி நடந்தால் ஒரு வாரத்தில் இரண்டும் போகும். பகல் உறக்கம் முடிந்து எழும் மாலை மூன்று நான்கு மணி, தேநீருக்கு முந்திய அந்த இருபது நிமிடமே அவர்களுக்கு உகந்தது.