ஒரு டெஸ்ட்டுக்கு எதுக்கு இத்தனை டியூப்? மூடியின் கலரில் இருக்கிறது விஷயம்!

"சுகரும் பிளேட்லெட்டும்தானே பார்க்கணும், அதுக்கு எதுக்கு மூணு டியூப் ரத்தம்?" லேப்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பயப்படும் அளவுக்கு ரத்தம் போவதில்லை. ஒரு டியூப்புக்கு 2 முதல் 5 மில்லி, அவ்வளவுதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே டியூப்பில் பிடிக்க முடியாது. காரணம், ஒவ்வொரு கலர் மூடிக்குள்ளும் ஒவ்வொரு மருந்து இருக்கிறது.

ஊதா மூடிக்குள் இருப்பது இடிடிஏ உப்பு. ரத்தம் உறைய கால்சியம் வேண்டும். இந்த உப்பு அந்தக் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் ரத்தம் உறையாது, அணுக்களை எண்ணலாம்.

சிவப்பு, மஞ்சள் மூடிகளில் கதை தலைகீழ். அங்கே ரத்தம் உறைய வேண்டும். அப்போதுதான் மேலே தெளியும் சீரத்தை எடுத்து கொலஸ்ட்ரால், கிட்னி, லிவர் டெஸ்ட்களைச் செய்ய முடியும். கண்ணாடி டியூப்பில் ரத்தம் தானாகவே சீக்கிரம் உறைந்துவிடும். பிளாஸ்டிக்கில் அது தாமதமாகும் என்பதால், உள்சுவரில் சிலிக்கா பூசித் தருகிறார்கள்.

சாம்பல் மூடி சுகருக்கு. உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டேதான் இருக்கும். சாதாரண டியூப்பில் அப்படியே விட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சாம்பல் மூடிக்குள் இருக்கும் ஃபுளோரைடு இதைத் தடுக்கும். ஆனால் உடனே அல்ல, முழுதாகத் தடுக்க ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆக, எந்த டியூப்பில் எடுத்தாலும் ரத்தத்தைச் சீக்கிரம் லேபில் சேர்ப்பதுதான் நல்லது.

எந்த டியூப்பை முதலில் நிரப்புவது என்பதற்கும் முறை உண்டு. நீலம் முதலில், பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், அப்புறம்தான் ஊதா, சாம்பல். ஊதா டியூப்பில் இருப்பது பொட்டாசியம் கலந்த உப்பு. அதிலிருந்து கொஞ்சம் மஞ்சள் டியூப்புக்குப் போனாலும் பொட்டாசியம் எகிறிவிடும், கால்சியம் இறங்கிவிடும். 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய பொட்டாசியம் 8 என்று ரிப்போர்ட்டில் வந்தால், இதயம் நின்றுவிடுமோ என்று டாக்டர் பதறத்தான் செய்வார். நோயாளியோ நன்றாக உட்கார்ந்திருப்பார். ரிப்போர்ட்டை மட்டும் நம்பி மருந்து கொடுத்தால், அந்த மருந்தே ஆபத்து. டியூப்பை வேகமாகக் குலுக்கி அணுக்கள் உடைந்தாலும் இதே தப்பு நடக்கும்.

டெங்கு சீசனில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஊதா டியூப்பில் ரத்தம் எடுத்தவுடன் 8, 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். விட்டுவிட்டால் உள்ளே சின்னச் சின்னதாக உறைந்து, பிளேட்லெட் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும். சிலருக்கு இடிடிஏ பட்டாலே பிளேட்லெட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அந்தக் கொத்தைப் பிளேட்லெட்டாக எண்ணாது. காய்ச்சல் இறங்கி, ரத்தக்கசிவும் இல்லாமல், எண்ணிக்கை மட்டும் அதலபாதாளத்தில் இருந்தால், "ஸ்லைடு போட்டுப் பார்த்தீங்களா?" என்று லேபில் கேட்கலாம். கொத்து தெரிந்தால் நீல மூடி டியூப்பில் மறுபடி எடுப்பார்கள். அதில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் திரவம் இருப்பதால், வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்கித்தான் ரிப்போர்ட்டில் எழுதுவார்கள்.